செயல்வரிசை விதி: கணித உண்மையா, எழுத்து மரபா?

1. ஒரு கோவை, ஐந்து விடைகள்

9 − 3 × 2 + 1 என்ற எண்கோவையில் நான்கு எண்களும் மூன்று குறிகளும் உள்ளன. அடைப்புக்குறி இட்டு இதைப் பிரிக்க ஐந்து வழிகள் உண்டு. ((9 − 3) × 2) + 1 எனப் பிரித்தால் 13. (9 − 3) × (2 + 1) எனப் பிரித்தால் 18. (9 − (3 × 2)) + 1 என்பது 4. 9 − ((3 × 2) + 1) என்பது 2. 9 − (3 × (2 + 1)) என்பது 0. வழிக்கு ஒரு விடையாக ஐந்து வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. எண்கள் கூடக்கூடப் பிரிக்கும் வழிகளும் விரைந்து பெருகும்: ஐந்து எண்களுக்கு 14 வழிகள், ஆறு எண்களுக்கு 42.

பள்ளியில் இதற்கு ஒரே விடைதான்: 4. அடைப்புக்குறிக்குள் இருப்பதை முதலில் செய்ய வேண்டும், அடுத்து அடுக்குகள், அதன்பின் பெருக்கலும் வகுத்தலும், இறுதியில் கூட்டலும் கழித்தலும். இதுவே செயல்வரிசை விதி. மற்ற நான்கு விடைகளும் தவறு என்று சொல்லும் அதிகாரம் இந்த விதிக்கு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

இதற்கு இருவகை விடைகள் வழக்கில் உள்ளன. 2 + 2 = 4 என்பது போல இதுவும் கணிதத்தின் மாறா உண்மை என்பது ஒன்று; பெரும்பாலான மாணவர்களின் மனத்தில் பதிந்திருப்பது இதுவே. சாலையில் இடப்பக்கம் செல்வதைப் போல இது வெறும் உடன்பாடு, வேறு எப்படியும் வைத்திருக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் விதியை ஒரே பொருளாகக் கருதிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் அதில் வெவ்வேறு வலிமை கொண்ட மூன்று பகுதிகள் தெரிகின்றன. கணித அமைப்பிலேயே ஊன்றி நிற்பது முதற்பகுதி. வழக்கத்தால் நிலைத்தது இரண்டாவது. இன்றுவரை முடிவாகாதது மூன்றாவது. மூன்றையும் ஒரே சட்டமாகப் பயிற்றுவிப்பதால்தான் பிழைகளும் ஓயாத வாதங்களும் எழுகின்றன என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

2. குறிகள் இல்லாத காலம்

செயல்வரிசை விதி எல்லாக் காலத்திலும் தேவைப்பட்டதல்ல. கணக்கைச் சொற்களால் சொல்லும்போது செய்ய வேண்டியவை சொல்லப்படும் வரிசையிலேயே அமைந்துவிடுகின்றன. பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதியில், விடையிலிருந்து பின்னோக்கிச் சென்று எண்ணைக் காணும் முறைக்கு ஒரு கணக்கு வருகிறது. ஓர் எண்ணை 3-ஆல் பெருக்கி, வந்ததன் முக்கால் பங்கை அதனுடன் கூட்டி, 7-ஆல் வகுத்து, ஈவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மிஞ்சியதை வர்க்கமாக்கி, 52-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 8-ஐக் கூட்டி, 10-ஆல் வகுத்தால் 2 வருகிறது. அந்த எண் எது என்பது அதன் சாரம். விடை 28. முன்னோக்கிச் சரிபார்த்தால் 84, 147, 21, 14, 196, 144, 12, 20, 2 எனப் படிப்படியாக வரும்.

இந்த உரைநடைக் கணக்கில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஒவ்வொரு செயலும் அதற்கு முன் வந்த விடையின் மீது நடக்கிறது. அதையே ஒரு வரியில் குறிகளால் எழுதினால், தெரியாத எண்ணைக் க எனக் கொண்டு, இப்படி அமையும்:

(√(((க × 3 × (1 + 3/4) ÷ 7) × (1 − 1/3))² − 52) + 8) ÷ 10 = 2

ஆறு இணை அடைப்புக்குறிகள் வந்து சேர்கின்றன. சொற்களில் காலவரிசையாக நின்ற கணக்கு, குறிகளில் ஒன்றினுள் ஒன்று அடங்கிய கட்டமைப்பாக மாறிவிட்டது. முதலில் செய்ய வேண்டியது வரியின் நடுவில் ஆழத்தில் கிடக்கிறது; கடைசியில் செய்ய வேண்டியது விளிம்பில் நிற்கிறது. எது எதனுள் அடங்கும் என்று சொல்லும் விதி குறியீட்டு எழுத்துக்குத்தான் தேவை. ஆகவே செயல்வரிசை விதி முதன்மையாகக் கணிக்கும் விதியன்று, வாசிக்கும் விதி.

குறிகள் ஒரே காலத்தில் பிறக்கவில்லை. கூட்டல், கழித்தல் குறிகள் 1489-இல் ஜெர்மனியில் யோகானஸ் விட்மனின் வணிகக் கணித நூலில் அச்சேறின. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அறிமுகப்படுத்தினார். பெருக்கற்குறி வில்லியம் ஆட்ரெடின் 1631ஆம் ஆண்டு நூலிலும், ÷ என்ற வகுத்தற்குறி யோகான் ரானின் 1659ஆம் ஆண்டு இயற்கணித நூலிலும் வந்தன. அடுக்கை மேலே சிற்றெண்ணாக எழுதும் முறை டெக்கார்ட்டின் 1637ஆம் ஆண்டு வடிவியல் நூலால் பரவியது.

சேர்த்து வாசிக்க வேண்டியதைக் காட்டும் வழிகளும் இதே காலத்தில் பல வடிவங்களில் முளைத்தன. நிக்கோலா ஷூக்கே 1484-இல் கோவைக்கு அடியில் கோடிட்டார். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய நூல்களில் அடைப்புக்குறிகள் தென்படுகின்றன. வியேட்டின் படைப்புகளை 1646-இல் பதிப்பித்த ஃபிரான்ஸ் வான் ஸ்கூட்டன் கோவைக்கு மேல் கோடிட்டார். மேற்கோடு வர்க்கமூலக் குறியின் வாலாக இன்றும் வாழ்கிறது. பின்னத்தின் கிடைக்கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது: கோட்டுக்கு மேலிருப்பது முழுவதும் ஓர் அடைப்பு, கீழிருப்பது முழுவதும் மற்றோர் அடைப்பு.

இந்த வரலாற்றில் பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு என்று ஆணையிட்ட சபையோ தனிமனிதரோ இல்லை. இயற்கணிதம் எழுதியவர்கள் அப்படியே எழுதினார்கள், அப்படியே வாசிக்கப்பட்டது. விதியாகத் தொகுத்து மனப்பாடத்துக்குத் தந்தது பிற்காலப் பாடநூல்களின் வேலை.

3. பெருக்கலுக்கு ஏன் முதலிடம்

ஆணை இல்லாமலேயே எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இருந்தாக வேண்டும். மூன்று காரணங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. மூன்றுக்கும் ஒரே எடை இல்லை.

முதலாவது அன்றாடக் கணக்கிலிருந்து வருவது. கிலோ 40 ரூபாய் வீதம் 3 கிலோ தக்காளியும், கிலோ 65 ரூபாய் வீதம் 2 கிலோ வெங்காயமும் வாங்கினால் தொகை 3 × 40 + 2 × 65, அதாவது 250 ரூபாய். இடமிருந்து வலமாகக் குறி வந்தபடி கணித்தால் 120-உடன் 2-ஐக் கூட்டி, 122-ஐ 65-ஆல் பெருக்கி 7,930 வரும். ரூபாயுடன் கிலோவைக் கூட்டியதால் வந்த அபத்தம் அது. கூட்டப்படுபவை ஒரே அலகில் இருக்க வேண்டும். அலகைப் பெருக்கல்தான் மாற்றித் தருகிறது. எனவே பெருக்கல் முந்துகிறது என்பது வாதம். இது முழுமையானதன்று. ஒரு வகுப்பில் 25 பேர், அடுத்த வகுப்பில் 30 பேர், தலைக்கு 40 ரூபாய் கட்டணம் என்றால் (25 + 30) × 40 என்று கூட்டலை முந்தச் செய்வதும் அதே அளவு இயல்பானது. அன்றாட வழக்கு இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும்.

இரண்டாவது காரணம் வலுவானது. பெருக்கல் கூட்டலின் மீது பங்கீடாகும். கூட்டல் பெருக்கலின் மீது பங்கீடாகாது. (25 + 30) × 40 என்பதை 25 × 40 + 30 × 40 எனத் திறந்து எழுதலாம். ஆனால் 3 × 40 + 2 × 65 என்பதைத் தொகைகளின் பெருக்கலாக எழுதப் பொதுவான வழி கிடையாது. கூட்டலும் பெருக்கலும் மட்டும் உள்ள எந்தக் கோவையும், எத்தனை அடைப்புகள் இருந்தாலும், இறுதியில் பெருக்கங்களின் கூட்டலாக விரிந்துவிடும். இயற்கணிதத்தின் இயல்பான இறுதி வடிவம் இதுவே. 3க² + 5க + 2 என்ற பல்லுறுப்புக்கோவையை அடைப்புக்குறி இல்லாமல் எழுத முடிவது இன்றைய வரிசையால். கூட்டல் முந்தும் என்று வைத்திருந்தால் (3 × (க²)) + (5 × க) + 2 என்று ஒவ்வோர் உறுப்பையும் வேலிகட்டி எழுத நேரும். கணிதம் பொய்த்துப்போகாது, எழுத்து சுமையாகும். சாலை உவமை இங்கேதான் பொருந்தாமல் போகிறது. இடமும் வலமும் சமம்; எதைத் தேர்ந்தாலும் இழப்பில்லை. கூட்டலும் பெருக்கலும் அப்படிச் சமமானவையல்ல.

மூன்றாவது சான்று எண்ணை எழுதும் முறைக்குள்ளேயே இருக்கிறது. 345 என்பது 3 × 10² + 4 × 10 + 5. அடுக்கு முதலில், பெருக்கல் அடுத்து, கூட்டல் கடைசி என்ற வரிசை இல்லாமல் எந்த இலக்கத்தொடரையும் வாசிக்க முடியாது. பழைய தமிழ் எண்ணுருக்களில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அம்முறையில் 345 என்பது ௩௱௪௰௫: மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து. நூறுக்கு முன் நிற்கும் ௩ அதைப் பெருக்குகிறது; பத்துக்கு முன் நிற்கும் ௪ அதைப் பெருக்குகிறது; பெருக்கங்கள் பிறகு கூட்டப்படுகின்றன. வந்த வரிசையிலேயே செய்துகொண்டு போனால் 300, 304, 3040, 3045 என்று தவறான எண்ணில் முடியும். கூட்டற்குறியும் பெருக்கற்குறியும் கண்டுபிடிக்கப்படும் முன்பே, பெருக்கல் இறுக்கமாகவும் கூட்டல் தளர்வாகவும் பிணைக்கும் என்ற அறிவு எண்ணெழுத்தில் செயல்பட்டுவந்தது.

ஆகவே முதற்பகுதி மரபுதான். ஆனால் காரணமுள்ள மரபு. அடுக்கு பெருக்கலையும், பெருக்கல் கூட்டலையும் முந்துவது பங்கீட்டுப் பண்பின் நிழல் என்று கொள்ளலாம்.

4. இடமிருந்து வலம்: வழக்கத்தின் ஆட்சி

9 − 3 × 2 + 1 என்ற கோவையில் பெருக்கலை முடித்தபின் 9 − 6 + 1 மிஞ்சுகிறது. பங்கீட்டுப் பண்பு இதற்கு மேல் உதவாது. இடமிருந்து வலமாகச் சென்றால் 4. கூட்டலை முதலில் செய்தால் 9 − 7, அதாவது 2. கழித்தலுக்குச் சேர்ப்புப் பண்பு இல்லாததால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது விடையை மாற்றுகிறது. இடமிருந்து வலம் என்ற தேர்வு, அந்தத் திசையில் எழுதும் மொழிகளில் நிலைத்த வழக்கம்.

நினைவுச் சொற்கள் தடம் புரள்வது இந்த இடத்தில்தான். இந்தியாவிலும் பிரிட்டனிலும் போட்மாஸ், அதன் மறுவடிவமாக பிட்மாஸ், கனடாவில் பெட்மாஸ், அமெரிக்காவில் பெம்டாஸ். போட்மாஸில் வகுத்தல் பெருக்கலுக்கு முன்பும், கூட்டல் கழித்தலுக்கு முன்பும் நிற்கின்றன. பெருக்கலும் வகுத்தலும் ஒரே நிலை, கூட்டலும் கழித்தலும் ஒரே நிலை என்பதை எழுத்துவரிசை மறைத்துவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் மாணவர் 9 − 6 + 1-க்கு 2 என்று எழுதுவார். விதியை மீறியதால் அல்ல, விதி சொன்னதாக நம்பியதைச் செய்ததால்.

இந்தத் தீங்கு எல்லா நினைவுச் சொற்களிலும் ஒரே அளவில் இல்லை. போட்மாஸ் சொல்வதுபோல் வகுத்தலை முதலில் செய்வதால் விடை கெடுவதில்லை. 8 × 6 ÷ 3 × 2 என்பதில் முதலில் 6 ÷ 3 செய்தாலும் 8 × 2 × 2 = 32; இடமிருந்து வலமாகச் சென்றாலும் 48 ÷ 3 × 2 = 32. ஆனால் பெம்டாஸ் சொல்வதாக எண்ணிப் பெருக்கலை முதலில் செய்தால் 48 ÷ 6 = 8 ஆகிவிடும். போட்மாஸின் நேர்ப்பொருள் கூட்டல்–கழித்தலில் மட்டும் சறுக்குகிறது. பெம்டாஸின் நேர்ப்பொருள் இரண்டு நிலைகளிலும் சறுக்குகிறது.

இடமிருந்து வலம் என்ற வழக்கத்தையே சாராமல் இருக்கவும் ஒரு வழி உண்டு. கழித்தலை எதிரெண்ணின் கூட்டலாகவும், வகுத்தலைத் தலைகீழியின் பெருக்கலாகவும் கருதுவதே அது. 9 − 6 + 1 என்பது 9, −6, +1 என்ற மூன்று உறுப்புகளின் கூட்டல். கூட்டலுக்குச் சேர்ப்புப் பண்பும் பரிமாற்றுப் பண்பும் உண்டு. எனவே 9 + 1 − 6 என்றோ −6 + 9 + 1 என்றோ எந்த வரிசையிலும் விடை 4. குறி தனக்கு வலப்பக்கம் உள்ள உறுப்புக்குச் சொந்தம் என்ற ஒரே செய்தியில் கூட்டல்–கழித்தல் நிலையின் விதி முழுவதும் அடங்கிவிடுகிறது. என்சிஇஆர்டியின் புதிய ஏழாம் வகுப்பு நூலான கணித பிரகாஷ் எண்கோவைகளை அறிமுகப்படுத்துகையில் உறுப்பு என்ற இக்கருத்துக்கு முதன்மை தருவது கவனத்துக்குரியது.

அடுக்குகளில் வழக்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது. 2-இன் மேல் 3, அதன் மேல் 2 என்று அடுக்கினால் மேலிருந்து தொடங்க வேண்டும்: 2⁹ = 512. கீழிருந்து தொடங்கினால் 8² = 64. இதற்கும் காரணம் சொல்ல முடியும். 64 வேண்டுமானால் அதை 2-இன் மேல் 3 × 2 என்று எளிதாக எழுதலாம். அடுக்கின் மேல் அடுக்கு என்ற வடிவத்தை வேறு வழியில் எழுத முடியாத பொருளுக்கு ஒதுக்குவதே சிக்கனம். −3² என்பதை −9 என்று வாசிப்பதும் இதே பாங்கில் அமைந்தது: அடுக்கு முதலில், எதிர்க்குறி பிறகு. எதிரெண்ணை வர்க்கமாக்க வேண்டுமானால் (−3)² என்று எழுத வேண்டும்.

5. இயந்திரங்கள் வாசிக்கும் விதம்

இரண்டாம் பகுதி வழக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு இயந்திரங்களே சான்று. நான்கு செயல்கள் மட்டும் கொண்ட எளிய கால்குலேட்டரில் 9 − 3 × 2 + 1 என்று விசைகளை அழுத்தினால் பெரும்பாலும் 13 வரும். ஒவ்வொரு குறியையும் அழுத்தியவுடன் அதுவரை வந்ததை அது முடித்துவிடுகிறது. லீலாவதியின் உரைநடைக் கணக்கைப் போலக் காலவரிசையில் இயங்குகிறது. அறிவியல் கால்குலேட்டர் முழுக் கோவையையும் வாங்கி 4 என்கிறது. விண்டோஸ் கணினியின் கால்குலேட்டர் செயலியில் சாதாரண நிலையில் 13, அறிவியல் நிலையில் 4.

நிரல் மொழிகளில் ஐபிஎம் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணித நூல்களின் வரிசையை அப்படியே ஏற்றது. தொடக்கக் காலத்தில் அதன் மொழிமாற்றி இதை ஒரு தந்திரத்தால் சாதித்தது. குறியின் நிலைக்கு ஏற்ற எண்ணிக்கையில் இருபுறமும் அடைப்புக்குறிகளைத் திணிப்பதே அது: தளர்வாகப் பிணைக்கும் குறிக்கு அதிகம், இறுக்கமாகப் பிணைக்கும் குறிக்குக் குறைவு. இரண்டு நிலைகள் மட்டும் உள்ள எடுத்துக்காட்டில் இது ((9)) − ((3) × (2)) + ((1)) என ஆகும். உறுப்புகள் மூன்றும் தாமாகவே வேலிக்குள் நிற்கின்றன. ஆனால் கழித்தலையா கூட்டலையா முதலில் செய்வது என்பதை இந்த அடைப்புகள் சொல்லவில்லை. அதற்கு இடமிருந்து வலம் என்ற தனி விதி வேண்டும். முதற்பகுதியும் இரண்டாம் பகுதியும் வெவ்வேறானவை என்பது இவ்வடிவத்தில் கண்முன் தெரிகிறது.

மரபை விட்டு விலகிய மொழிகளும் உண்டு. கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த ஏபிஎல் மொழியில் குறிகளுக்கிடையே ஏற்றத்தாழ்வே இல்லை; எல்லாம் வலமிருந்து இடமாக வாசிக்கப்படும். அதில் இக்கோவையின் விடை 0. குறிகள் ஏராளமாக உள்ள மொழியில் படிநிலைகளை மனத்தில் வைத்திருப்பதைவிட ஒரே திசை எளிது என்பது அதன் நியாயம். ஸ்மால்டாக் மொழியில் எல்லாம் இடமிருந்து வலம், விடை 13. இம்மொழிகளில் எழுதப்பட்ட நிரல்கள் தவறான கணிதம் செய்யவில்லை. வேறு எழுத்துமுறையில் அதே கணிதத்தைச் செய்கின்றன.

விளிம்பு நிலைகளில் புழக்கத்தில் உள்ள மென்பொருள்களே முரண்படுகின்றன. எக்செல் விரிதாளில் -3^2 என்று எழுதினால் 9 வரும். பைத்தானில் -3**2 என்பது −9. எக்செல்லில் 2^3^2 என்பது 64. பைத்தானில் 2**3**2 என்பது 512. ஒரு சூத்திரத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே பெயர்ப்பவர் எச்சரிக்கை ஏதும் இல்லாமலே வேறு விடையைப் பெறுவார்.

6. முடிவாகாத பகுதி

8 ÷ 2(2 + 2) என்ற கோவை 2019-இல் சமூக ஊடகங்களில் உலகெங்கும் வாதத்தைக் கிளப்பியது. 2011-இல் 48 ÷ 2(9 + 3) இதே பாட்டைப் பட்டிருந்தது. முதற்கோவைக்கு 16 என்பது ஒரு கட்சி, 1 என்பது மறு கட்சி. கணிதர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இதைப் பற்றி நியூயார்க் டைம்ஸில் எழுதும் அளவுக்கு வாதம் வளர்ந்தது.

குறியின்றி ஒட்டி எழுதிய பெருக்கல், × குறியிட்ட பெருக்கலைவிட இறுக்கமாகப் பிணைக்குமா என்பதே இதன் உட்கிடை. இல்லையென்றால் 8 ÷ 2 × 4, இடமிருந்து வலமாக 16. ஆமென்றால் 8 ÷ 8, அதாவது 1. பள்ளி விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் 16 என்பதே சரி என்று தோன்றும். ஆனால் 6க ÷ 2க என்பதை இயற்கணிதம் பயின்ற எவரும் 3 என்றே சுருக்குவார். பள்ளி விதியைக் கறாராகப் பின்பற்றினால் அது 6 × க ÷ 2 × க, அதாவது 3க² ஆக வேண்டும். க-வின் மதிப்பு 5 என்றால் ஒரு வாசிப்பு 3-ஐயும் மற்றது 75-ஐயும் தருகிறது. பாடநூல்கள் தாம் வகுத்த விதியைத் தாமே பின்பற்றுவதில்லை என்பதை என். ஜே. லென்னஸ் 1917-இல் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி இதழில் சுட்டினார். 1928–29-இல் வெளிவந்த கணிதக் குறியீடுகளின் வரலாற்றில் ஃப்ளோரியன் கஜோரியும், ÷, × இரண்டும் சேர்ந்து வரும்போது எது முதலில் என்பதில் உடன்பாடில்லை என்று பதிவுசெய்தார்.

இந்தியப் பள்ளிக் கணக்குக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. போட்மாஸின் இரண்டாம் எழுத்தை ஆஃப் என்று விரிக்கும் மரபில், 12 ÷ 1/2 ஆஃப் 6 என்ற கணக்கு 12-ஐ 6-இல் பாதியால் வகுப்பது என்று பொருள்படும், விடை 4. அங்கே × குறியை இட்டு இடமிருந்து வலமாகச் சென்றால் 24 × 6 = 144. இரண்டும் பெருக்கலே, ஆனால் ஒன்று வகுத்தலுக்கு முந்துகிறது, மற்றொன்று அதனுடன் சமநிலையில் நிற்கிறது. போட்டித் தேர்வுக் கையேடுகள் மேற்கோட்டையும் முன்னால் சேர்த்து விபோட்மாஸ் என்று சொல்லித் தருகின்றன. இறுக்கமான பெருக்கல், தளர்ந்த பெருக்கல் என்ற இருவகையைப் பழைய போட்மாஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருந்தது. இரண்டாம் எழுத்தை அடுக்கு என விரிக்கும் புதிய வடிவங்களில் அந்த ஒப்புதல் மறைந்துபோயிற்று, சிக்கல் மறையவில்லை.

கால்குலேட்டர் நிறுவனங்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-82 கருவி 1/2க என்பதை 1/(2க) என வாசித்தது. அடுத்து வந்த டிஐ-83 அதை (1/2) × க என வாசித்தது. க-வின் மதிப்பு 4 என்றால் முன்னதில் 0.125, பின்னதில் 2. கேசியோவின் புதிய அறிவியல் கால்குலேட்டர்கள் சில, 6 ÷ 2(1 + 2) என்று தந்தால் 6 ÷ (2(1 + 2)) எனத் தாமே அடைப்புக்குறி இட்டுக் காட்டி 1 என்கின்றன. எந்த வாசிப்பைக் கொண்டோம் என்று பயனருக்குத் தெரிவிப்பதில் இம்முறைக்குத் தனி நேர்மை உண்டு.

தரநிர்ணய அமைப்புகள் இந்த வாதத்தில் கட்சி சேராமல், வாதத்துக்கு இடம்தரும் எழுத்தையே தடுத்தன. அமெரிக்காவின் தேசியக் கணிதத் தேவைகள் குழு 1923ஆம் ஆண்டு அறிக்கையிலேயே ÷ குறிக்குப் பதிலாகப் பின்ன வடிவத்தைப் பரிந்துரைத்தது. ஐஎஸ்ஓ 80000-2 தரநிலை ÷ குறியை வகுத்தலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சாய்கோட்டை அடுத்து அதே வரியில் பெருக்கற்குறியோ வகுத்தற்குறியோ வந்தால் அடைப்புக்குறி கட்டாயம் என்பதும் அத்தரநிலைத் தொகுதியின் விதி. கிடைக்கோட்டுப் பின்னத்தில் எழுதினால் 2(2 + 2) முழுவதும் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா, 2 மட்டும் இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரு பரிமாணத்தில் எழுதப்பட்டுவந்த கணிதத்தைத் தட்டச்சின் ஒற்றை வரிக்குள் அடக்கியதே இந்தச் சிக்கல் பரவக் காரணம்.

7. வாசிப்பதும் சுருக்குவதும்

செயல்வரிசை விதியைப் பற்றிய இன்னொரு தவறான புரிதல், அது கணிக்க வேண்டிய படிகளைக் கட்டளையிடுகிறது என்பது. விதி கோவையின் பொருளை நிர்ணயிக்கிறது. பொருள் தெளிந்தபின் எப்படிக் கணிப்பது என்பது பண்புகள் தரும் சுதந்திரம். 36 × 17 + 36 × 83 என்ற கோவையை விதி இரண்டு பெருக்கங்களின் கூட்டலாக வாசிக்கச் சொல்கிறது. அதற்காக 612, 2988 என்று இரண்டையும் பெருக்கித்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை. 36 × (17 + 83) = 3600 என்று கூட்டலை முதலில் செய்வது விதிமீறலன்று; பங்கீட்டுப் பண்பின் பயன். 25 × 37 × 4 என்பதில் 25 × 4-ஐ முதலில் சேர்த்து 3700 என்று முடிப்பதும் அப்படியே.

48 − 6 × (5 − 2)² ÷ 9 + 7 என்பதை எடுத்துக்கொண்டால் இரண்டு வேலைகளும் பிரிந்து தெரியும். வாசிப்பு: 48, −6 × (5 − 2)² ÷ 9, +7 என மூன்று உறுப்புகள். சுருக்கம்: நடு உறுப்பில் அடைப்பு 3, அதன் வர்க்கம் 9. வரிசைப்படி 54-ஐக் கண்டு 9-ஆல் வகுக்கலாம். அல்லது பெருக்கும் 9-ஐயும் வகுக்கும் 9-ஐயும் அடித்துவிட்டு 6 என்று நேரே எழுதலாம். மூன்று உறுப்புகளும் 48, −6, +7 என நிற்க, விடை 49. கூட்டலை முந்தவிட்டு 48 − 13 = 35 என்று எழுதுபவர் கணிப்பதில் தவறவில்லை; குறி எந்த உறுப்புக்குச் சொந்தம் என்று வாசிப்பதில் தவறுகிறார். பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பது தெரிந்தால்தான் திருத்தமும் அங்கே நடக்கும்.

கணினியில் இந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு. முழு எண் வகுத்தலில் மீதி உதிர்ந்துவிடும். 2 × 3 ÷ 2 என்பதை இடமிருந்து வலமாகக் கணித்தால் 3. வகுத்தலை முதலில் செய்தால் 3 ÷ 2 ஈவு 1 ஆகி, விடை 2. போட்மாஸின் வகுத்தல் முதலில் என்ற நேர்ப்பொருள் காகிதத்தில் தீங்கற்றதாயினும் இங்கே விடையை மாற்றும். பண்புகள் செல்லுபடியாகும் எண் தொகுதிக்குள் மட்டுமே சுருக்கும் சுதந்திரம் செல்லும்.

8. முடிவுரை

9 − 3 × 2 + 1 = 4 என்ற விடைக்கு இரண்டு வெவ்வேறு அதிகாரங்கள் துணை நிற்கின்றன. 3 × 2 ஓர் உறுப்பாக ஒட்டி நிற்பதற்குப் பங்கீட்டுப் பண்பும் எண்ணெழுத்தின் அமைப்பும் காரணம். 9 − 6 + 1-இல் 6 மட்டுமே கழிக்கப்படுவதற்கு வழக்கம் காரணம். கழித்தலை எதிரெண்ணின் கூட்டலாகக் கொண்டால் அந்த வழக்கமும் உறுப்பு என்ற கருத்துக்குள் கரைந்துவிடும். 8 ÷ 2(2 + 2) போன்ற கோவைகளுக்கு இவ்விரண்டில் எதுவும் துணை நிற்பதில்லை. அங்கே விடையைத் தேடுவதைவிட, கோவையைத் திருத்தி எழுதச் சொல்வதே சரியான எதிர்வினை.

கற்பித்தலுக்கு இதிலிருந்து பெறப்படுவன இவை. நினைவுச் சொல்லுக்கு முன் உறுப்பு என்ற கருத்தை நிலைநாட்ட வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் ஒரே நிலை, கூட்டலும் கழித்தலும் ஒரே நிலை என்பதை நினைவுச் சொல்லோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பொருள் மயங்கும் கோவைகளைத் தேர்வில் கேட்டு மதிப்பெண் குறைப்பதைத் தவிர்க்க வேண்டும். அத்தகைய கேள்வி மாணவரின் கணித அறிவைச் சோதிப்பதில்லை. எழுதுபவரின் கடமை வாசிப்பவரின் கடமைக்கு முந்தியது: ஓர் இணை அடைப்புக்குறியோ ஒரு பின்னக்கோடோ ஐயத்தை நீக்குமானால் அதை இடுவதே முறை.